சட்டி தூக்கும் பெண்

சுவரில் சிமெண்டைப் பூசி, அது இறுகுவதற்குள் அதில் உருவங்களைச் செதுக்குவது என் தொழில். புடைப்புச் சிற்பம் என்று கல்லூரியில் படித்தேன்; பெங்களூரில் எல்லாருக்கும் அது மியூரல்தான். மயில் கேட்பார்கள், தாமரைக் குளம் கேட்பார்கள். புத்தர் முகம் நிறையப் பேர் கேட்பார்கள். கோலார் தங்கவயலில் எங்கள் வீட்டில் கும்பிட்ட முகம் என்பதால் அதை மட்டும் மனசாரச் செய்வேன். இவை எல்லாவற்றையும்விட அதிகம் கேட்பது குடம் தூக்கும் பெண்களை. மெல்லிய இடுப்பு, நீண்ட கண், இடுப்பில் ஒரு குடம். குடிநீர் லாரி பின்னால் ஓடிக் குடம் நிரப்பிய யாருக்கும் அப்படி ஒரு இடுப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

பொம்மனஹள்ளிப் பக்கம், ஓசூர் ரோட்டில் ஒரு புதுக் கட்டடம் எழும்பியது. ஐ.டி. கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடப்போகிற இடம். கீழ்க்கூடத்தின் பெரிய சுவரை எனக்குக் கொடுத்தார்கள். கட்டட மேனேஜர் கோயமுத்தூர்க்காரர், மரியாதையாகப் பேசுவார். "பெங்களூரோட கதை மாதிரி வரணுங்க மேடம்" என்றார். ஏரி, பூ மார்க்கெட், மெட்ரோ, தூங்குமூஞ்சி மரங்கள், நடுவில் தலையில் சிமெண்டுச் சட்டியோடு சாரத்தில் ஏறுகிற ஒரு பெண் என்று வரைந்து காட்டினேன். "சூப்பருங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு மாதிரியாக நின்றது என்னோடு வேலை செய்யும் அக்கா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து, ஈஜிபுராவில் எங்கள் சந்திலேயே குடியிருப்பவர். எனக்குக் கலவை போடுவது, சிமெண்டு பிடிக்கச் சுவரில் கம்பி வலை அடிப்பது எல்லாம் அவர்தான். என்னைவிடப் பெரியவர், என்னைவிட வாய் ஜாஸ்தி. நிற்கச் சொன்னபோது, "என் மூக்கைப் பாத்தியா? நடுவுல மேடு. அதையும் அப்படியே வெச்சிடுவியா?" என்று கேட்டார்.

"அப்படியேதான் வெப்பேன்."

"வையி. மூக்குத்தியை மட்டும் கொஞ்சம் பெருசா போடு."

போட்டேன். காகிதத்தில் கட்டைவிரல் உயரம் இருந்தவள், சுவரில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றாள். அப்போதுதான் மேனேஜருக்கு உறுத்தியது. ஒரு மதியம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஒரு சின்ன சேஞ்சுங்க. அந்தச் சட்டியைக் குடமா மாத்திடலாமா? ஓனருக்கு லேபர் மாதிரி தெரியுதாம். உள்ள நுழைஞ்சதும் கிளையன்ட்டுக்கு ஒரு அழகு வேணுமில்லீங்களா."

"லேபர்தான் சார். அதான் படம்."

"அதில்லீங்க, நம்ம பண்பாடு மாதிரி..."

"மாத்த மாட்டேன் சார்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா கலவையைக் கிண்டியபடி, "குடமே வெச்சிட்டுப் போயேன்மா. இன்னாத்துக்கு வம்பு?" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. அன்று கலவையை நானே போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் நாங்கள் சாமான் வாங்கப் போயிருந்த ஒரு நாள், வேறொரு ஆளை வைத்து வேலையை முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்தோம். சட்டியைக் காணோம். தூக்கிப் பிடித்திருந்த கைகளை உடைத்து மடக்கி, இடுப்பில் ஒரு குடத்தை ஒட்டியிருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. இடுப்பைச் சீவி ஒடுக்கியிருந்தார்கள். முகத்தையும் விடவில்லை. மூக்கின் மேடு போய், கத்தி மாதிரி நேராக இருந்தது.

அக்கா கிட்டே போய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என் மூக்கை எவன் சரி பண்ணான்?"

கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அக்கா பையிலிருந்து சுத்தியலை எடுத்து என் கையில் திணித்தார். "நீ அடிக்கிறியா, நான் அடிக்கட்டுமா?"

நான் உளியை வைத்து அடித்தேன். முதல் அடியிலேயே குடம் விழுந்து உடைந்தது. செக்யூரிட்டி ஓடிவந்து, "மேடம், ஏனு மாடுத்தித்தீரா?" என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் கத்தினார். "நான் செஞ்ச வேலையை நானே சரி பண்றேன் அண்ணா" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, ஒட்டியதை எல்லாம் கொத்தி எடுத்தேன். அவர் போனை எடுத்தார். தடுக்க மட்டும் கிட்டே வரவில்லை.

மேனேஜர் வந்தபோது நான் புதுக் கைகளுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்திக் கேட்டது அன்றுதான். "யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

"நீங்க யாரைக் கேட்டு உடைச்சீங்க?"

"சுவர் எங்களுது மேடம்."

"சுவர் உங்களுது. அந்தப் பொண்ணோட கை என்னுது. வேணும்னா மொத்தத்தையும் இடிச்சு வெள்ளையடிச்சுக்கோங்க. பாதிப் பொண்ணு என்னுது, பாதிப் பொண்ணு உங்களுதுன்னு நிக்க வேணாம்."

அவர் வெளியே போய் நெடுநேரம் போனில் பேசினார். திறப்பு விழா நெருங்கிவிட்டது, மொட்டைச் சுவரோடு திறக்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சட்டி இருந்துட்டுப் போகட்டும். ஆனா உங்க பேரு சுவர்ல இருக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்றார். அடுத்த பில்டிங்குக்கும் உங்களைக் கூப்பிட மாட்டோம்."

மூலையில், ஏரிக்கரைப் புல்லுக்குக் கீழே, என் பெயரைச் செதுக்கியிருந்தேன். கல்லூரி முடித்த காலத்திலிருந்து ஒரு வேலையிலும் அதை விட்டதில்லை. வேறு யாரும் அதைத் தொட நான் விடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, அதே உளியால் எழுத்து எழுத்தாக நானே எடுத்தேன். அந்தக் குழியில் கலவை பூசி, இன்னும் கொஞ்சம் புல் செதுக்கினேன். மேனேஜர் கடைசி வரை நின்று பார்த்தார். என்ன நினைத்தாரோ, போகும்போது டீ சொல்லி அனுப்பினார். நான் குடிக்கவில்லை. அக்கா இரண்டையும் குடித்தார்.

பிறகு சட்டியைப் பழையதைவிடப் பெரியதாகவே செய்தேன். மூக்கின் மேட்டை அக்காவே விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார். ஏற்றினேன்.

சொன்னபடியே அடுத்த கட்டடத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அங்கே மயில் ஆடுகிறதாம். இப்போது ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் வேலை. போன வாரம் தலைமையாசிரியர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லாருக்கு, குப்பை வண்டி தள்ற இந்தம்மா எதுக்கு?" என்று கேட்டார். அக்கா வலையைப் பிடித்துக்கொள்ள, நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க இருப்பாங்க சார்" என்றேன்.