டியூப் லைட்டும் பேரில்லாத வாளும்

வாள் கொல்லர்களுக்குப் பேர்போன எங்கள் செக்கி ஊரில் மின்சார வேலை என்றால் ஓகாதாதான். அவர் வீட்டில் குளியலறை வரைக்கும் டியூப் லைட் எரியும். "ஆஸ்பத்திரியில குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் மனைவி கசுயோ அலுத்துக்கொள்வார். ஓகாதா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவர் காதில் ஏறுவது பழைய வாள்களைப் பற்றிய பேச்சு மட்டும்.

அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு வாள். பதினோரு வருஷத்துக்கு முன் கார் வாங்கக் கிளம்பிய மனிதர், வாளோடு வந்து வாசலில் நின்றார். கசுயோ இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வாளைத் துடைக்க எண்ணெய்த் துணியை அவரே எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதைத் துடைப்பது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு குறை. வழக்கமாகக் கைப்பிடிக்குள் மறையும் வால் பகுதியில் கொல்லர் தம் பெயரை வெட்டியிருப்பார். இந்த வாளில் அந்த இடம் மொட்டை. இரண்டு ஆணித் துளைகள், அவ்வளவுதான். ஓகாதா வெட்கப்பட்டு அதை எங்கள் வாள் ரசிகர் சங்கத்தில் யாருக்குமே காட்டியதில்லை. கடைசியில் நகோயாக்காரர் ஒருவர், பேர் வெட்டிய வாள் ஒன்றைத் தந்து இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்ல, இவரும் தலையாட்டிவிட்டார். திங்கட்கிழமை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

"பேரா முக்கியம்? இத்தனை வருஷம் நம்ம கையில இருந்த பொருளுங்க" என்றார் கசுயோ.

"உனக்கு வாளைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் இவர்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் அப்போதே எழுந்து என் மருந்துக் கடைக்குப் போயிருக்க வேண்டும். மனைவியிடம் அப்படிக் கேட்டவன் எவனும் நிம்மதியாக இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. விலாங்குமீன் கடை மாடியில் சங்கக் கூட்டம். வாலைத் துணியால் சுற்றி ஐந்து வாள்களை வரிசையாக வைத்திருப்பார்கள். செய்தது யார் என்று சீட்டில் எழுதி, நடுவர் குசே வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும். ஒரு வாளுக்கு மூன்று சீட்டு. ஜெயித்தவருக்கு விலாங்குப் பெட்டிச் சோறு. ஓகாதா இதுவரை அதன் வாசனையை மட்டும்தான் அனுபவித்திருக்கிறார். ஒவ்வொரு வாளுக்கு மேலேயும் ஒரு குண்டு பல்ப் தொங்கும். அதை அதிகாலையில் வந்து மாட்டுகிறவரும் அவரேதான்.

அன்றும் நான்கு வாள்களுக்கு "இல்லை, இல்லை" என்றே பதில் வந்தது. ஐந்தாவதைக் குனிந்து வணங்கி எடுத்தார். பல்பை நோக்கி நீட்டி, கூர் ஓரமாகக் கண்ணை ஓட்டினார். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தபோது விழுந்த வெண்கோடு, காலையில் புல் மேல் கிடக்கும் உறைபனிபோலப் பொடிப்பொடியாக மின்னியது.

"ஆகா!" என்றார் ஓகாதா.

"வாயை மூடுங்கய்யா! எச்சில் பட்டா நாளைக்கே துரு" என்று அதட்டினார் வாத்தியார். வாள்களைத் தீட்டி மெருகேற்றியே ஐம்பது வருஷம் கழித்தவர் அவர்.

முதல் சீட்டில், எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மகா கொல்லரின் பெயரை எழுதினார் ஓகாதா. "இல்லை." இரண்டாவதில் அந்தக் கொல்லருடைய மகனின் பெயர். "அந்தக் குடும்பமே இல்லைய்யா!" மாடி முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது சீட்டை வாத்தியார் உரக்கவே வாசித்தார்: "பேர் தெரியவில்லை. யார் செய்திருந்தாலும் சரி, இதை வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர்."

"அந்தக் கொடுத்துவச்சவரு யாருன்னு பாத்துடுவோம்" என்று வாத்தியார் துணியை அவிழ்த்தார்.

மொட்டை வால். இரண்டு துளைகள்.

ஓகாதா குனிந்து அந்தத் துளைகளைப் பார்த்தார். "இது... இது எங்க வீட்டு..."

"நீங்க பல்ப் மாட்ட இங்க வந்த நேரத்துல உங்க வீட்டம்மா என்கிட்ட கொண்டாந்தாங்க. 'இதுல ஒண்ணுமே இல்லையா வாத்தியாரே?'ன்னு கேட்டாங்க. அருமையான கைவேலை, ஆனா செஞ்சவன் யாருன்னு எனக்கும் தெரியலைன்னு சொல்லி, அஞ்சாவதா வரிசையில வச்சேன். ஆமா, வீட்டுல இதை எந்த வெளிச்சத்துல பாக்குறீங்க?"

ஓகாதா அவிழ்த்த துணியை மடிக்கத் தொடங்கினார். நான்தான் சொன்னேன். "டியூப் லைட்."

"வெளங்கிரும்! அதுல பாத்தா வெறும் தகடுதான் தெரியும். ஊருக்கெல்லாம் பல்ப் மாட்டுறீரு, உம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?"

ஓகாதா மாடிப்படியில் நின்று நகோயாக்காரருக்கு போன் செய்தார். மன்னிப்புக் கேட்டபடி, எதிரே ஆள் நிற்பதுபோல் ஆறு தடவை குனிந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கும் விலாங்குச் சோறு கிடைக்காதது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்ப் மாட்டினார். கீழே இறங்கி வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாரு கசுயோ! பதினோரு வருஷமா பக்கத்துலயே இருந்தும் என் கண்ணுக்குத் தெரியலையே!"

கசுயோ டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நான் முப்பது வருஷமா அதே டியூப் லைட்டுக்கு அடியிலதான் நடமாடுறேன்."

ஓகாதா வாளை மெல்ல உறையில் போட்டார். பல்புக்கு அடியில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன, ஓகாதாவுக்கு.

என் டீ பாதி அப்படியே இருந்தது. இந்தத் தடவை நான் நேரத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.