முதல் வரியில் ஒரு சுழி

இந்த ஊரில் தெருப்பக்க ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், மாலையில் சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு வீட்டுக் கூடத்தையும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே போவேன். யார் சோபாவில் படுத்திருக்கிறார், எந்த வீட்டில் உருளைக்கிழங்கு வேகிறது, எந்தக் குழந்தை சாப்பிட அடம்பிடிக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாள் பார்த்த பராக்கில் விளக்குக் கம்பத்தில் மோதி விழுந்தேன். ஓடிவந்து தூக்கிவிட்ட அம்மையாரின் வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நன்றி சொன்னேன். என்னைத் தவிர இங்கே யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் திறந்தேதான் கிடக்கும், ஆனால் பார்க்கக் கூடாது. இது என் மண்டையில் ஏற ஏழு மாதமும் ஒரு விசாரணையும் தேவைப்பட்டன.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். முதல் இரண்டு வருடம் தஞ்சாவூருக்கு வெளியே, மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் புறவழிச்சாலையுமாக நிற்கும் ஒரு கல்லூரியில். மீதி இரண்டு வருடம் இங்கே. அப்படியொரு ஒப்பந்தப் படிப்பு. அங்கே படிப்பில் பாதி, ரெக்கார்ட் எழுதுவது. அனுபவிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். லேபில் கம்ப்யூட்டரில் ஓட்டிய ப்ரோகிராமை, நோட்டின் வலப்பக்கத்தில் பேனாவால் கைவலிக்க எழுத வேண்டும். திரையில் வந்த விடையை இடப்பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டும். கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வகுப்பில் யோசித்து எழுதியவள் பாபநாசத்து உமா ஒருத்திதான். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் உமாவைப் பார்த்து எழுதினோம். உமா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். நோட்டு பஸ்ஸில் ஒரத்தநாடு போய், கும்பகோணம் போய், ஓரத்தில் சாம்பார்க் கறையோடு அவளிடம் திரும்பி வரும்.

உமாவுக்கு ஒரு பழக்கம். ப்ரோகிராமில் ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்வுக்கோடு போட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. முதல் வரியில் அப்படிக் கோடு போட்டு, பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவாள். நாங்களும் போட்டோம். பாத்திமா போட்டாள். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் ஸ்டெல்லா போட்டாள். சாமி படமே இல்லாத வீட்டில், கறுப்புச் சட்டைக்காரருக்குப் பிறந்த நானும் போட்டேன். தேர்வுக்கு வந்த வெளி ஆசிரியர், “ஏம்மா, இந்தச் சுழி எதுக்கு?” என்று என்னிடம் கேட்டார். “தெரியல சார், அது இருந்தாத்தான் ஓடும்னு நெனச்சேன்” என்றேன். பொய்யில்லை. ஒருமுறை சோதனைக்காக அதை விட்டுவிட்டு டைப் செய்தேன், சேவ் செய்வதற்குள் கரண்ட் போய்விட்டது. தினமும் அந்நேரத்துக்குக் கரண்ட் போகும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அதன் பிறகு சுழியைக் கைவிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. விமானம் ஏறி இங்கே வந்த பிறகும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இங்கே லேபில் பக்கத்து இருக்கை யோரிஸுக்கு. நெட்டைப் பையன். ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே ஹாகல்ஸ்லாக் என்கிற சாக்லேட் தூளைக் கொட்டி, அதையே மதியச் சாப்பாடு என்று கூச்சமில்லாமல் சொல்வான். ஏழு மாதத்தில் ஒருவர்கூட என் திரையை எட்டிப் பார்த்ததில்லை, என்னிடம் எதையும் கேட்டதுமில்லை. எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை, என்னை ஆளாகவே மதிக்கவில்லை என்றுதான் தோன்றியது. அதனால் யோரிஸ் ஒருநாள், “உன் அசைன்மென்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று காது சிவக்கக் கேட்டபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பாடா, ஒரு மனிதன் கேட்டுவிட்டான். கொஞ்சமென்ன, முழுவதையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. எக்ஸாமன்கொமிசி என்ற தேர்வுக் குழு எங்கள் இருவரையும் விசாரிக்கிறதாம். காரணம் ‘ஃப்ராவ்டெ’, அதாவது மோசடி. எங்கள் ஊரில் அந்தப் பெயர் வாங்க வேண்டுமானால் சீட்டுக் கம்பெனி நடத்திவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போக வேண்டும். குற்றம் உறுதியானால் அந்தப் பாடம் போய்விடும். பாடம் போனால் புள்ளிகள் குறையும், புள்ளிகள் குறைந்தால் இந்த நாட்டில் தங்கும் அனுமதி போய்விடும். பட்டமில்லாமல் எங்கள் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்க வேண்டும்.

வீட்டுக்குப் பேசினேன். நான் இருக்கும் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இவர்கள் தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவோ தண்ணீர் எப்போது வரும் என்று குத்தகை வயலின் மடையில் நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணும் பயப்படாத பாப்பா. லேப்டாப்பத் தொறந்து வச்சிட்டு பாத்ரூம் போனேன், அவன் எடுத்துட்டான்னு சொல்லிடு.”

“நான்தாம்ப்பா குடுத்தேன்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. பென் டிரைவுக்குச் சாட்சி இல்லை. அதற்குள் கூடவே நின்ற அம்மா போனைப் பிடுங்கினாள். “நாத்து மிஞ்சுனா பக்கத்து வயலுக்குக் குடுக்கறதில்லையா? கேட்ட புள்ளைக்குக் குடுத்ததெல்லாம் ஒரு குத்தமாடி?”

விசாரணை அறையில் மூன்று பேர். தலைவி, நரைத்த கிராப்பும் சிவப்புக் கண்ணாடியுமாக ஒரு பேராசிரியர். சுவரில் இரண்டு ப்ரோகிராம்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒளிர்ந்தன. யோரிஸ் பாவம், உழைத்திருந்தான். எல்லாப் பெயர்களையும் மாற்றி, வரிகளை முன்பின்னாக நகர்த்தியிருந்தான். முதல் வரியை மட்டும் தொடவில்லை. அங்கே என்னுடையதில் இருந்த அதே உ.

“இது என்ன?” என்று தலைவி அவனைக் கேட்டார்.

“தெரியாது” என்றான் யோரிஸ். “எடுத்துவிட்டால் ஓடாதோ என்று பயமாக இருந்தது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் சிரித்திருக்கக் கூடாது. தலைவி என் பக்கம் திரும்பினார்.

“இது என்ன வேலை செய்யும்?”

“ஒன்றும் செய்யாது.”

“பிறகு எதற்கு?”

“போடாவிட்டால் ஏதாவது ஆகிவிடும்.”

“சோதித்துப் பார்த்தாயா?”

“ஒருமுறை. கரண்ட் போய்விட்டது.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். “நீயே உருவாக்கியதா?”

“இல்லை, உமாவிடமிருந்து எடுத்தேன்.”

மூன்று தலைகளும் நிமிர்ந்தன. உமா எந்தப் பிரிவு, அவளை உடனே அழைக்க முடியுமா என்று கேட்டார்கள். உமா பாபநாசத்தில் இருக்கிறாள், ப்ரோகிராம் முழுக்க என்னுடையது, சுழி மட்டும்தான் அவளுடையது, அதுவும் உண்மையில் யானைத்தலைச் சாமி ஒருவருக்குச் சேர்ந்தது என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். குரல் கனிந்திருந்தது. “ஆக, எழுதியவள் நீதான். அவனிடம் எப்படிப் போயிற்று? உன் கம்ப்யூட்டர் திறந்து கிடந்ததா?”

அப்பா சொல்லித் தந்த பொய்யை அவரே தட்டில் வைத்து நீட்டினார். தலையாட்டினால் போதும். யோரிஸ் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அரிச்சந்திரன் வம்சமெல்லாம் இல்லை. வாடகை ஒப்பந்தம் முதல் பஸ் டிக்கெட் வரை பொய் சொல்லியிருக்கிறேன். ஆனால் இவனைத் திருடன் என்றால், உமாவின் நோட்டை வாங்கிய ஐம்பத்தொன்பது பேரையும் திருடர்கள் என்று சொல்வதாகும். அதில் முதல் பெயர் என்னுடையது. ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

“கேட்டான். கொடுத்தேன்.”

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. இருவருக்கும் அந்த அசைன்மென்ட்டில் பூஜ்யம். ஆனால் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. கண்காணிப்பாளர் முன்னால் லேபில் உட்கார்ந்து, புதிதாக முழுவதையும் எழுத வேண்டும். இன்னொரு முறை மாட்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பாவிடம் நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பட்டம் பிழைத்ததற்கு மகிழ்வார் என்று பார்த்தேன்.

“அது கெடக்கட்டும். நீ பிள்ளையார் சுழியா போட்ட?”

“ஆமாம்ப்பா.”

“எத்தன வருசமா?”

“மூணு.”

“வெள்ளக்காரன் கண்டுபிடிச்சுச் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்” என்று போனை வைத்துவிட்டார். மோசடிக்குக்கூட அவர் அவ்வளவு வருந்தவில்லை.

எழுதும் நாள் வந்தது. புதுக் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் கர்சர் மின்னி மின்னி மறைந்தது. விரல் பழக்கத்தில் இரண்டு சாய்வுக்கோட்டைத் தட்டி, பிறகு அழித்தேன். அப்பாவுக்குப் பயந்தல்ல. இந்த முறை ஒவ்வோர் எழுத்தும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள், சுழி உமாவுடையது. ஆனால் முதல் வரியில் வேறெதையும் எழுதவும் மனம் வரவில்லை. இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினேன்.

பாதியில் பழக்கதோஷம் விடவில்லை. கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தேன். யோரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவனுடைய முதல் வரியில் இரண்டு சாய்வுக்கோடு, பக்கத்தில் உ. என்னுடைய முதல் வரி காலியாக இருந்தது.