நாலாம் எண்ணும் ஏழாம் எண்ணும்

எங்கள் லீடரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. நான் நிபோங் திபால் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். ஆனால் எழுதுவது பேசுவதைப் போல் இல்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பக்கத்தில், பகலில் முதியவர்கள் வந்துபோகும் ஒரு நிலையம் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு அங்கே நாங்கள் அங்க்லோங் வாசிக்கிறோம். மூங்கில் குழாய்களை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டிருக்கும். பிடித்து ஆட்டினால் ஒலிக்கும். ஒரு சட்டத்தில் ஒரே சுரம்தான் வரும். எட்டுச் சட்டம், எட்டுப் பேர், ஆளுக்கு ஓர் எண். வெள்ளைப் பலகையில் பாட்டை எண்களாக எழுதிவைத்து, லீடர் குச்சியால் தொட்டுக்கொண்டே போவார். உங்கள் எண்ணைத் தொடும்போது நீங்கள் ஆட்ட வேண்டும். ராகம் தாளம் எதுவும் தெரிய வேண்டாம், எண் தெரிந்தால் போதும். அதனால்தான் எனக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது. எனக்கு ஏழு.

பேசாமலே என் சத்தம் பாட்டுக்குள் இருந்தது. அது எனக்குப் பெரிய விஷயம். வாரத்தில் அந்த இரண்டு நாளும்தான் நான் கண்ணாடி முன்னால் நின்று சேலை மடிப்பைச் சரிபார்ப்பேன்.

லீடர் என்னைவிடப் பத்து வயது இளையவர். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்து, கடைசியில் லைன் லீடராக, ஒரு வரிசைப் பெண்களுக்கு மேற்பார்வையாளராக, ஓய்வு பெற்றவர். அந்தப் பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் தைச்சி உடற்பயிற்சி செய்யும் சீனத் தாத்தாக்கள்கூட அவரை லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை மட்டும் சொன்ன நேரத்துக்கு நடந்துவிடும்.

நாலாம் எண் ஓர் அண்ணனிடம் இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நல்ல உயரம், கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. அந்தக் கையில் நாலு ஒலிக்கவே ஒலிக்காது. பத்தரைக்கு வருவார். அங்க்லோங்கைக் குடை மாதிரி மடியில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருப்பார். குச்சி நாலைத் தொடும்போது பாட்டில் ஓர் ஓட்டை விழும். ஒருநாள் பாதிப் பாட்டில் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார்.

ஐந்தாம் எண்காரிக்கு இது பொறுக்காது. பாசாரில் பலகாரக் கடை வைத்திருந்தவர், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, உங்க மடியில நாலு தூங்குது. எழுப்புங்க."

"எழுப்புனா அழும்லா. விடு, தூங்கட்டும்."

எல்லோரும் சிரிப்பார்கள். லீடரும் சிரிப்பார். ஆனால் தீபாவளி விருந்தில் மேடையேறி மூன்று பாட்டு வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தோம். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே ஐந்தாம் எண்காரி லீடரிடம் பேசுவது கேட்டது.

"நான் பாத்துட்டேன் லீடர். நாலாம் நம்பரும் ஏழாம் நம்பரும் எங்கயோ ஒண்ணு ரெண்டு எடத்துலதான் வருது. அது ரெண்டையும் எடுத்துட்டா பாட்டு ஒண்ணும் கெட்டுப்போவாது. ஆறு பேரா நின்னா மேடையும் அடக்கமா இருக்கும்."

"அண்ணன் சரி. ஏழு என்னா பண்ணுச்சு?"

"அண்ணனை மட்டும் எடுத்தா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாரு. ரெண்டு பேரா எடுத்தா பாட்டுக்காக எடுத்தோம்னு சொல்லிக்கலாம். அந்த அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

லீடர் யோசிப்பதாகச் சொன்னார். நான் கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன்.

ஐந்தாம் எண்காரி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏழு அபூர்வமாகத்தான் வரும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்பதும் உண்மை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதுதான் அதிகம் வலித்தது. நானே நின்றுவிட்டால் லீடருக்கு அதைச் சொல்லும் சங்கடம் இருக்காதே என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலை போக வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கை பழக்கத்தில் நல்ல சேலையை எடுத்துக் கட்டிவிட்டது. கட்டிய பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை.

அன்று அண்ணன் வந்து உட்கார்ந்ததும் லீடர் அவர் முன்னால் போய் நின்றார்.

"எந்திரிங்கண்ணே. இன்னிக்கு உங்க சீட்டுல நான். இந்தாங்க, குச்சி புடிங்க."

"எனக்கு என்னா தெரியும்?"

"நம்பர் தெரியும்ல? அது போதும்."

இது அவருடைய தொழிற்சாலைப் பழக்கம் என்று பிறகுதான் சொன்னார். லைனில் ஒரு பெண் சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால், மேலே எழுதி அனுப்புவதற்கு முன் ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்ணின் முக்காலியில் இவர் உட்கார்ந்து அதே வேலையைச் செய்து பார்ப்பாராம். விளக்கு கண்ணில் அடிக்கும், முக்காலி உயரம் பத்தாது, பக்கத்து மெஷின் காதைத் துளைக்கும். பாதிக் கோளாறு ஆளிடம் இருக்காது, இடத்தில் இருக்கும் என்றார். அப்படி உட்கார்ந்து பார்க்காமல், லீடராக இருந்த காலம் முழுக்க ஒருத்தியைப் பற்றியும் எழுதியதில்லையாம். நானும் ஒரு காலத்தில் கூலி வேலைக்குப் போனவள். எனக்கு மேலே இருந்த யாரும் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அண்ணன் குச்சியால் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டார். பாட்டில் முதலில் வந்த நாலை லீடர் சரியாக ஆட்டினார். பிறகு வெகுநேரம் நாலு வரவே இல்லை. வாசலில் யாரோ பூந்தொட்டி தூக்கிக்கொண்டு போனார்கள், லீடர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. அண்ணன் குச்சியை நாலின் மேல் வைத்தபடி நின்றார்.

"லீடர், நாலு போச்சு."

அறை முழுக்கச் சிரிப்பு. ஐந்தாம் எண்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லீடருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"போச்சுதான். என் தப்பு. இங்க உக்காந்தா எனக்கே தூக்கம் வருது." பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "உண்மையச் சொல்லுங்கண்ணே. உங்களுக்கு இது புடிச்சிருக்கா?"

அண்ணன் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "புடிக்கல. மகதான் கொண்டாந்து விடுறா, வீட்ல டிவியே பாக்குறேன்னு. அந்தப் பக்கம் கேரம் காய் விழுற சத்தம் கேக்குது லீடர். மனசு பூரா அங்கதான் இருக்கு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க நல்லவிதமா நடத்துறீங்க. எப்படிச் சொல்றது?"

அத்தனை பேர் முன்னால் பிடிக்கவில்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு அது கிடையாது. லீடர் அவரைத் திட்டவும் இல்லை, இருந்துவிடுங்கள் என்று கெஞ்சவும் இல்லை. தானே எழுந்து கேரம் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்தவர்களிடம் "நல்ல கைங்க இவருக்கு" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டு வந்தார்.

நாலாம் எண் அங்க்லோங் நாற்காலியில் தனியாகக் கிடந்தது.

"அப்ப ஆறு பேராவே போயிடலாம் லீடர்," என்றார் ஐந்தாம் எண்காரி. என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னார். அங்க்லோங்கை எப்படிக் கீழே வைப்பது, பையை எப்படி எடுப்பது என்று மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீடர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்கும் அதே வேலைதானே? ஒரு மணி நேரம் உக்காந்து எப்பவோ ஒரு தடவ ஆட்டணும். ஆனா இத்தன மாசத்துல நீங்க ஒரு ஏழ விட்டு நான் பாக்கல. எப்படிக்கா?"

எல்லா முகமும் என் மேல் இருந்தது.

"எல்லாரோட நம்பரையும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பேன்," என்றேன்.

"எல்லாரோடதும்? நாலும்?"

"அண்ணே ஆட்டலன்னாலும் நான் சொல்லிருவேன்."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக அண்ணன் சிரிப்பதும் கேட்டது.

"அப்ப நீங்களே சொல்லுங்க," என்றார் லீடர். "நாலையும் சேத்துப் புடிச்சுக்கிறீங்களா, இல்ல ஆறு பேரா போவமா? நீங்க சொல்றதுதான்."

என் புருஷன் இருந்தபோது அவர் முடிவு செய்தார், பிறகு மகன். நீங்கள் சொல்வதுதான் என்று என்னிடம் யாரும் அதுவரை சொன்ன நினைவில்லை. லீடர் அவசரப்படுத்தவில்லை. ஐந்தாம் எண்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"புடிச்சுக்கிறேன்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர சுலபமாக இல்லை. இரண்டையும் இடது கையில் கோத்துக்கொண்டு வலது கையால் ஆட்ட வேண்டும். நாலுக்குப் பதில் ஏழை ஆட்டுவேன். மணிக்கட்டு வீங்கி எண்ணெய் தேய்த்தேன். தவறிய இடத்தில் கேரம் அறையிலிருந்து "நாலு வரல" என்று குரல் வரும். இங்கே இருந்தவரை ஒரு நாலும் ஆட்டாதவர், அங்கே போனதும் எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் எண்காரி ஒருநாள் என் கையில் ஒரு பொட்டலம் பலகாரத்தைத் திணித்து, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கக்கா," என்றார். வைத்திருந்தேன், அதற்குப் பிறகு இல்லை.

விருந்தன்று ஏழு பேர் எட்டு அங்க்லோங்கோடு மேடையேறினோம். இரண்டு கோத்திருந்ததால் என்னை நடுவில் நிற்கவைத்தார்கள். முன்னால் அத்தனை தலை. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, குச்சியை மட்டும் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் ஓர் ஏழு தவறிவிட்டது. பாட்டில் ஓட்டை விழுந்தது, எனக்குத் தெரிந்தது, லீடருக்கும் தெரியாமல் இருக்காது. அவர் குச்சி நிற்கவில்லை, என் பக்கம் கண்ணும் திரும்பவில்லை. அடுத்த எண்ணைத் தொட்டது, அதற்கடுத்ததைத் தொட்டது, பிறகு நாலுக்கு வந்தது. நான் ஆட்டினேன்.