குலசேகரம் விடாத பொத்தான்

போன வாரம் லோபாக் சந்தையில் மீன் வாங்கப் போயிருந்தேன். கார் நிறுத்துமிடக் காவலாளியின் இடுப்பில் தொங்கிய வாக்கி-டாக்கி திடீரென்று கரகரத்தது. நான் மீன் பையோடு விறைத்து நின்றுவிட்டேன். "யாருக்குங்க சல்யூட்டு?" என்றாள் மனைவி.

அவளுக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசியில் வந்த அவசரகாலத்தில் நான் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் இளம் கிராணி. தொலைபேசிக் கம்பிகளைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் அறுத்துக்கொண்டே இருந்ததால், சுற்றுத் தோட்டங்களையும் போலீஸ் ஸ்டேஷனையும் ஒரே அலையில் இணைக்கும் கம்பியில்லாத ரேடியோ டெலிபோன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டி சூடேறினால் தூசி கருகும் வாசனை வரும். இன்றும் வீட்டில் ரொட்டி கருகினால் எனக்கு அந்த ஆபீஸ்தான் ஞாபகம் வரும். அதில் துரையின் குரல் வந்தால் எழுந்து நிற்பேன். தலைவாரிக்கொண்டு பேசியதும் உண்டு. பெட்டிக்குக் கண் இல்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பேசும்போது பிடியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை வேறு எந்தத் தோட்டமும் பேச முடியாது. நம் ஆட்களுக்கு இது பெரிய சோதனை. எதிராளி பேசும்போது 'ம்' கொட்டாமல் நமக்கு இருக்க முடியுமா? 'ம்' கொட்டுவதற்காகப் பொத்தானை அழுத்தி, அழுத்தி, பேசுகிறவரைக் கேட்க முடியாமல் செய்துவிடுவோம். போலீஸ் ஸ்டேஷன் சார்ஜன் மலாயில் திட்டித் தீர்ப்பார்.

பக்கத்துத் தோட்டத்துக் கிராணி குலசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் அவரை நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் தினமும் பேசிப் பேசி, அந்த மூக்கடைத்த குரலை எங்கே கேட்டாலும் கண்டுகொள்வேன். அவரும் 'ம்' கொட்டுகிற ஆள்தான்.

ஒருநாள் பிற்பகல், ரப்பர் பாலை நிறுத்து முடித்த நேரம். பெட்டியில் யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எவரோ 'ம்' கொட்டப் போய் மறந்துவிட்டார் என்று நான் சிரித்தேன். அறையில் இருந்த, ஆட்களை மேய்க்கும் மண்டோர் சிரிக்கவில்லை.

"கிராணியாரே, நாற்காலி விழுவுது. கேளுங்க."

கேட்டேன். பல கால்களின் நடமாட்டம். பிறகு தமிழிலேயே ஒரு குரல், மிகவும் மரியாதையாக, வெளியே வரும்படி சொன்னது. அடுத்து வந்தது நான் அறிந்த குரல்.

"நான் வாறன். பிள்ளையள் இருக்கிற பக்கம் போகாதேங்கோ."

நாங்கள் கேட்க வேண்டும் என்றுதான் குலசேகரம் பொத்தானை விடாமல் பிடித்திருந்தார். ஸ்டேஷனிலும் கேட்டிருக்கும். ஆனால் சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது, எந்தத் தோட்டம் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்ல வழியில்லை. அவர் பிடித்திருந்த பொத்தான் என் வாயையும் சேர்த்து அடைத்திருந்தது. மண்டோரை லோரியில் ஸ்டேஷனுக்கு விரட்டினேன். பிறகு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, விடுங்கள், அண்ணே, விடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

ஒரு வழியாகப் பொத்தான் விடுபட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சார்ஜன் முந்திக்கொண்டு தோட்டங்களை வரிசையாக அழைக்கத் தொடங்கினார். குலசேகரத்தின் தோட்டம் எனக்கு முன்னால் வந்தது. அங்கிருந்து பிசிறில்லாத ஆங்கிலத்தில், எல்லாம் நலம் என்று பதில் வந்தது.

அது குலசேகரத்தின் குரல் அல்ல.

சார்ஜன் நிம்மதியாக அடுத்த தோட்டத்தை அழைத்தார். என் முறை வந்ததும் கத்தினேன். என் ஆங்கிலம், மலாய் எல்லாம் கலந்து என்ன சொன்னேனோ, அவருக்குப் புரிந்தது. பட்டாளம் போனபோது ஆபீஸ் காலியாக இருந்தது. பிள்ளைகள் கிராணி வீட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தார்கள். காலடித் தடங்கள் ரப்பர் மரங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருந்தன. அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

குலசேகரத்தின் மனைவி, பிள்ளைகளோடு ரஹாங்கில் குடியேறினார். திவசம் கொடுக்கக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. உடலைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்பாராம்.

மீன் வாங்கித் திரும்பும்போது, கார் ஓட்டிய மகனிடம் குலசேகரத்தின் தோட்டம் இருந்த பக்கமாக விடச் சொன்னேன். தோட்டம் இல்லை, ஆபீஸ் இல்லை. மரங்களுக்கு அப்பாலிருந்த காட்டையும் வெட்டி, மலையைச் சரித்து, வரிசை வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். இனி யாராவது குலசேகரத்தைத் தேட நினைத்தாலும், தேடுவதற்கு அந்தக் காடு இல்லை.