ரூம் காசைக் கூட்டி வருபவள்

டீ வந்தவுடன் ரோஸி குடிப்பதில்லை. சென்னையிலிருந்து அன்று புறப்படும் விமானங்களைப் போனில் மேலிருந்து கீழாக ஒரு முறை தள்ளிப் பார்ப்பாள். தன்னிடம் டிக்கெட் எடுத்தவர்கள் ஏறும் விமானம் எதுவும் ரத்தாகவில்லை என்று தெரிந்தால்தான் டம்ளர் வாய்க்குப் போகும். அதற்குள் டீயில் ஆடை படிந்திருக்கும். அதை விரலால் எடுத்து எறிந்துவிட்டு, "எல்லா பஸ்ஸும் ஓடுது" என்பாள். விமானம் அவளுக்கு பஸ்தான்.

மேற்கு மாம்பலத்தில், அப்பளக் கடைக்கும் ரவிக்கை தைக்கும் கடைக்கும் நடுவே அவளுடைய டிராவல்ஸ். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் அப்பளக் கடை ஸ்டூலைக் கேட்காமலே இழுத்துப் போடுவாள். பாலவாக்கத்துக்காரி, அம்மா மீன் விற்றவர். குரல் அங்கிருந்து வந்த சொத்து. ரோஸி பேசினால் போன் இல்லாமலே அந்தமானுக்குக் கேட்கும் என்று அப்பளக் கடைக்காரர் சொல்வார். ஊரையெல்லாம் பறக்கவிடும் அவள், வருஷத்துக்கொரு முறை வேளாங்கண்ணிக்கு ரயிலில் போவதோடு சரி. அங்கேயும் லாட்ஜ்காரரை நிற்கவைத்து, "நான் வரமுடியாம பூட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கமாட்டாள்.

"பிளேன் நின்னா டிக்கெட் காசு தானா வூட்டுக்கு வந்துரும். ரூம் காசு வராது. அத்த நாமதான் கூட்டிக்கினு வரணும்" என்பது அவள் வேதம். கொஞ்சம் விலை கூடினாலும் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையைத்தான் முதலில் காட்டுவாள். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன் என்று யாராவது மார்தட்டினால் விடமாட்டாள். "ரூம் வாடகைக்குத் தருவேன்னு அதுல எழுதிக்கீதா? பொட்டி தொலைஞ்சா குடுப்பான், கை ஒடிஞ்சா குடுப்பான். ரூமுன்னு எழுதலேன்னா கையை விரிச்சுருவான்." பாதி வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. அதைப் பற்றி ரோஸிக்கு ஒரு கவலையும் இல்லை.

மயிலாப்பூர் சுந்தரராமனுக்கும் பிடிக்கவில்லை. அவர் மனைவி நீரஜா வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். கல்யாணமான நாளிலிருந்து போன ஊரெல்லாம் கோயில் ஊர். ஒரே ஒரு தடவை அந்தமான் போய்த் தெளிந்த தண்ணீரில் மீன் பார்க்கவேண்டும் என்று, பாட்டுச் சம்பளத்தில் தானே சேர்த்துவைத்திருந்தார்.

"கத்திரிக்கா சாம்பார் துன்றவங்க மீன் பாக்க அம்மாந்தூரம் போறீங்களா மாமி!" என்று ரோஸி கடை அதிரச் சிரித்தாள். அன்றே அவளுக்கு மாமியைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் ரத்து, இன்சூரன்ஸ் என்று அவள் ஆரம்பித்ததும் சுந்தரராமன் கையை உயர்த்திவிட்டார். "கிளம்பறதுக்கு முன்னாடியே அபசகுனமா என்னம்மா பேச்சு? சீப்பா இருக்கற ரூமையே போடு." சகுனம் என்று வந்தபின் ரோஸி அந்த அறையையே போட்டாள். முழுப்பணமும் கட்டியாயிற்று; ரத்து செய்தால் திரும்பி வராது.

நவம்பரில் வங்கக்கடலில் புயல் வந்தது. அவர்கள் கிளம்பவேண்டிய நாளில் விமானம் நின்றது. இருவரும் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தார்கள்.

"உக்காருங்க. டிக்கெட் காசுக்குச் சொல்லிட்டேன். இப்ப ஓட்டலுக்குப் போன் போடறேன்."

"அதை நானே பண்ணிட்டேன்" என்றார் சுந்தரராமன் பெருமையாக. "நாங்க வரலை, ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்கோன்னு சொல்லிட்டேன். பாவம், அவா காத்துண்டிருப்பா இல்லியோ?"

விருந்துக்கு வரமுடியாவிட்டால், இலை வீணாகக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லியனுப்பும் குடும்பம் அது. அதே மரியாதையை ஓட்டலுக்கும் செய்திருக்கிறார்.

ரோஸி தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தீங்களே சார்! வரலேன்னு வாயால சொன்னா ரூம் காசு அவனுக்குப் பூடும். வர்றோம், தேதிதான் மாறுதுன்னு சொல்லணும்."

"எல்லாம் பகவான் சித்தம்" என்றார் அவர்.

"போனாப் போறது ரோஸி" என்றார் நீரஜா, சுவரிலிருந்த விமானப் படத்தைப் பார்த்தபடி. "இன்னொரு தடவை சேக்கறதுக்கு நேக்குத் தெம்பில்லை."

ரோஸி போனை எடுத்தாள். விமான கம்பெனியிடம் வாங்கிய ரத்துச் சான்றிதழை முதலில் ஓட்டலுக்கு அனுப்பினாள். பிறகு மேனேஜர் முத்துகிருஷ்ணனைப் போனில் பிடித்தாள்.

"மேடம், சார் காலையிலேயே கேன்சல் சொல்லிட்டாரே. ரூல்படி பணம் கிடையாது."

"பணம் யாரு கேட்டா நைனா? அது உங்கிட்டயே இருக்கட்டும். பிளேன்காரன் குடுத்த சர்டிபிகேட் அனுப்பிக்கீறேன், பாரு. இன்னிக்கு உன் தீவுக்கு ஒரு பஸ்ஸும் வரல. அந்த ரூமை யாருக்குக் குடுக்கப் போற, நண்டுக்கா? தேதியை மாத்திக் குடு. அவங்க வந்தா சாப்பாடு, படகு எல்லாம் உங்கிட்டதான். நானும் வருஷம் பூரா உனக்கு ஆள் அனுப்பிக்கினுதான் கீறேன்."

ரோஸி இன்னொரு வார்த்தை சேர்க்கவில்லை. விலை சொன்னபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் மீன்கூடைப் பாடம்.

"சரி மேடம். ஒரே ஒரு தடவை மாத்தித் தரேன். ஆனா தேதியை இப்பவே சொல்லணும். போனை வச்சுட்டா என் கையில இல்ல."

ரோஸி வெற்றிச் சிரிப்போடு திரும்பினாள். சுந்தரராமன் அதற்குள் தன் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்திருந்தார். "மார்கழி வேண்டாம். தையில முதல் வாரம் அஷ்டமி வர்றது... அப்புறம் ஆத்துல ஒரு கல்யாணம் வேற. இரு, இன்னும் ரெண்டு மாசம் தள்ளலாமான்னு நானே அவர்கிட்ட கேக்கறேன். குடு." கையை நீட்டினார்.

நீரஜாவின் கண் மறுபடி சுவரிலிருந்த விமானப் படத்துக்குப் போயிற்று.

ரோஸி போனை ஸ்பீக்கரில் போட்டாள். நீட்டியிருந்த அவர் கையைத் தாண்டிக் கொண்டுபோய், மாமியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.