ஆரஞ்சுத் தோலும் மீன் கண்ணும்

இரும்புத் தூள் படிந்த தொழிற்பேட்டைச் சாலையில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அன்று வரை நான் வேலை பார்த்த வார்ப்பட ஆலை பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே இரும்பை உருக்கி ஊற்றும் அச்சுப்பெட்டிகளைத் தூக்கியே வலது தோள் போய்விட்டது; கை காதுக்கு மேல் எழும்பாது. தூக்க முடியாத ஆளை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இனி தூக்க வேண்டாம் என்பதே நிம்மதியாக இருந்தது. ஆனால் தூக்காத வேலை ஒன்று கிடைக்க வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. பைக் பெட்ரோல் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில், அடித்ததைப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. என் பக்கத்து ரூமில் குடியிருந்த பெண் அங்கே இருந்தார். மறுநாள் காலை என்னை வரச் சொல்லி சூப்பர்வைசரிடம் பேசி வைத்திருந்தார். ஷிப்டு முடிந்து வந்தவரை வழியில் பார்த்துச் சேர்ந்து நடந்தேன்.

“ஒன்னு சொல்ல மறந்துட்டேண்ணா. கொறைக்கெல்லாம் இங்கிலீஷ்லதான் பேரு சொல்லணும்.”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான்.

“எனுக்கு இங்கிலீஷ் வராதும்மா.”

“அங்க மட்டும் யாருக்கு வருது? ஒரிசாக்காரரு, பீகார்காரரு, சூளூர்பேட்டைலர்ந்து வர தெலுங்குக்காரரு. ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குப் புரியாது. அந்தப் பேருங்கள வச்சிக்கினுதான் லைனே ஓடுது.”

ஸ்டேஷன் வாசலில் பழவண்டி நின்றது. ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தார்.

“தடவிப் பாருண்ணா. பெயிண்டு இந்த மாரி குழி குழியா வந்தா ஆரஞ்சு பீல்.”

“ஆரஞ்சுத் தோலு. அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“வாங்கறதுன்னா வாங்குங்க,” என்றார் வண்டிக்காரர். “தடவித் தடவியே பழத்த மொழுக்குன்னு ஆக்கிடாதீங்க.”

வாங்கினோம். அடுத்து மீன்கூடைக்காரம்மாவிடம் கூட்டிப்போய் ஒரு மீனின் கண்ணைக் காட்டினார். பெயிண்டில் இப்படி வட்டமாகக் குழி, நடுவில் ஒரு புள்ளி என்றால் ஃபிஷ் ஐ.

“இன்னாம்மா, பெயிண்ட் கம்பெனியா, மீன் மார்க்கெட்டா?” என்று சிரித்தேன்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் நான் பார்த்தே இராத பொருள்கள்தான் இருந்தன. இதில் எல்லாமே பார்த்தவை. டேங்கில் ஆரஞ்சும் இல்லை, மீனும் இல்லை. ஆனால் தெரிந்த இரண்டு சொற்களை ஒட்டி வைத்தால் கேட்டவருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ஆலையிலும் இதைத்தான் செய்திருக்கிறோம். ஊசி குத்தியது போன்ற துளைக்கு ‘பின் ஹோல்’. மயிர் ஒட்டியது போன்ற விரிசலுக்கு ‘ஹேர்லைன் கிராக்’. அது இங்கிலீஷ் என்ற நினைப்பே இல்லாமல் நாள் முழுக்கக் கத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை கம்பெனியில் சூப்பர்வைசர் மேஜை மேல் மூன்று டேங்க் வைத்தார். முதலாவது ஆரஞ்சு பீல். இரண்டாவது ஃபிஷ் ஐ. மூன்றாவதில் பெயிண்ட் கோடாக வழிந்து நுனியில் திரண்டு நின்றது. அதை அந்தப் பெண் சொல்லித் தரவில்லை. அவர் பக்கம் பார்த்தேன், லைனில் குனிந்திருந்தார். தோளை நினைத்துக்கொண்டேன்; ஏதாவது ஒரு பேர் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருச் சர்ச்சில் மெழுகுவத்தி இப்படித்தான் வழிந்து உறைந்திருக்கும்.

“கேண்டில் டிராப், சார்.”

லைனே சிரித்தது.

“இன்னா நைனா, டேங்குல மெழுகுவத்தியா ஏத்தி வச்சிகிறாங்க?” என்றார் சூப்பர்வைசர். “இதுக்குப் பேரு பெயிண்ட் ரன். எங்க இருக்குது, காட்டு.”

நுனியில் விரல் வைத்தேன். குனிந்து பார்த்தார்.

“பேரு ரெண்டு நாள்ல வாய்ல வந்துடும். அந்த ஸ்டூல இஸ்துக்கினு வந்து ஒக்காரு.”

உட்கார்ந்தேன். கொக்கியில் தொங்கியபடி முதல் டேங்க் வந்து நின்றது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன்.

“ஆரஞ்சு பீல்.”

எதிரில் நின்ற ஒரிசாக்காரர் தலையாட்டிவிட்டு, அதைக் கழற்றித் தூக்கி ஓரமாக வைத்தார்.