பர்வீனுக்கு எத்தனை அண்ணன்?

போன செவ்வாய்க்கிழமை என் டைரியில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இன்னும் அதை அடிக்கவில்லை...

தில்லை நகரில் ஒரு மாடியில் ஜப்பானிய மொழி வகுப்பு. செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். ரிட்டயரானவனுக்கு எதற்கு ஜப்பான்? பேத்தி ஒசாகாவில் வளர்கிறாள் — அவ்வளவுதான்.

பாடம் தொடங்குமுன் டீச்சர் டைமரைத் திருகுவார். மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். 'நேற்று என்ன செய்தீர்கள்?' ஒவ்வொரு வகுப்பிலும் இதே கேள்வி. என் ஜோடி பர்வீன். பாலக்கரைப் பெண், நர்ஸ். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்கு முயல்கிறாள்.

அவள் சொல்வதை வீட்டுக்கு வந்து தேதி போட்டு எழுதிவைப்பேன். பழக்கம்! அண்ணனோடு படம் பார்த்தாளாம். அடுத்த வாரம் அண்ணன் லால்குடியில் டீச்சராம். அதற்கடுத்த வாரம் அதே அண்ணன் டாக்டராம்!

ஒருநாள் இன்டர்வியூ ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். உடன்பிறந்தோர்: இல்லை.

"ஏம்மா, அண்ணன் எங்கே போனாரு?"

"அய்யோ சார், அது சும்மா கிளாஸுக்கு! தெரிஞ்ச வார்த்தையை வெச்சு ஒரு ஆளைச் செஞ்சேன்."

"நான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேனே!"

"இதையெல்லாமா எழுதுவாங்க?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அத்தாவுக்கு திங்களும் வியாழனும் காலையில டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போறேன். அதைச் சொல்லத் தெரியலை சார். படம் பார்த்தேன்னு சொல்லத் தெரியும்."

வகுப்பு செவ்வாயும் வெள்ளியும். ஆக, அவளுடைய 'நேற்று' எப்போதும் ஆஸ்பத்திரிதான்... தேதி பார்க்கும் எனக்கே இது உறைக்கவில்லை!

ஃபாரம் ஒன்று, வாய் ஒன்று என்றால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தினேன். அடுத்த இரண்டு வாரமும் அந்த மூன்று நிமிடங்களில் உண்மையை மட்டுமே பேசினோம். 'அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.' தடுமாறாமல் சொன்னாள்.

போன செவ்வாய் காலை ஆன்லைனில் இன்டர்வியூ. மாலை வகுப்பில் முகமெல்லாம் வியர்வையோடு வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து என்ன செஞ்சேன்னுதான் சார் கேட்டாங்க. உண்மையைச் சொன்னேன். உடனே, நீங்க இங்கே வந்துட்டா அப்பாவை யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டுட்டாங்க!"

அதை நாங்கள் பழகவில்லையே...

"என்னம்மா சொன்னே?"

"அண்ணன்."

வேலை கிடைத்துவிட்டது. ஃபாரத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை போல.

"சரி, நிஜமா யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"அதான் சார் தெரியலை."

எனக்கு திங்களும் வியாழனும் காலையில் வேலை கிடையாது. அவள் கிளம்பிய பிறகு வரும் அந்த நாட்களுக்கு நேரே 'ஆஸ்பத்திரி' என்று டைரியில் எழுதிவிட்டேன்.

ஒரே குழப்பம்தான்; பக்கத்தில் அந்தக் கேள்விக்குறி அதற்காகத்தான். நான் பர்வீனுக்கு அண்ணன் என்றால், அவள் அத்தாவுக்கு மகன் — அவரோ என்னைவிட ஆறு வயது சின்னவர்!